காயம் படாத வெட்டு

அட்டை கடித்தால் வலிக்காது. இலை நுனியில் காத்திருக்கும் புலியட்டை என்றால் சுருக்கென்று தெரியும். தரையில் நெளிந்து வரும் பழுப்பு அட்டை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது. வயிறு நிறைந்து அது தானாக விழுந்து வெகுநேரம் கழித்து, காலுறை நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் நமக்கு விஷயம் தெரியும்.

1990களின் நடுவில் ஒரு பள்ளி விடுமுறை. மலேசியாவின் கெடாவில், மெர்போக் பக்கம் தூப்பா அருவிக் காட்டுக்குப் போய்விட்டு வந்து, சுங்கைப் பட்டாணி வீட்டுக் குளியலறையில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. அப்போது வந்த மூன்று வரி:

அட்டை கடித்த இடம்
வீடு வந்த பிறகும்
கசியும் காடு

அந்த மாதக் கடைசியில் ஊரில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் வாசித்தேன். மூன்றாம் வரிக்குக் கைதட்டினார்கள். ஒருவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். அம்மாவும் வந்திருந்தார், கடைசி வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பும் வழியில் காரில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை கோப்பி ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, கசிஞ்சது ரத்தம்தானே? காடு எங்க கசிஞ்சது?"

"அது உவமைம்மா."

"சரிதான். ஆனா வெட்டு ஆழமா போயிருச்சு."

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். விடிவதற்கு முன்பே நிரைக்குப் போய்விடுவார். மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும் அந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். உளியை இழுத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சீவல் சுருண்டு விழ வேண்டும். பால் குழல்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் உளி உள்ளே போகவும் வேண்டும், மரத்தைத் தொடவும் கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருடம் கழித்து அதே பக்கத்தை மறுபடி வெட்ட வரும்போது உளி ஓடாது. அந்த நிரைக்கு அன்றைக்கு யார் வருகிறாரோ அவருக்குத்தான் கஷ்டம். பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குப் பால் வடியும் மங்கு துடைக்கப் போவேன். சில நாள் உளியைக் கையில் கொடுத்துப் பழக்குவார். நான் அழுத்திய இடத்திலெல்லாம் மரம் வெள்ளையாகத் தெரியும். "பால் வரணும்னு அமுக்காத. பால் தானா வரும்" என்பார்.

ஜப்பானிய ஹைக்கூவில் கிரெஜி என்று ஒன்று உண்டு. வெட்டும் சொல் என்று பொருள். ஒரு காட்சியை நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னொன்றை அதன் பக்கத்தில் வைக்க உதவும் சிறு அசைச்சொல். இரண்டுக்கும் என்ன உறவு என்று கவிஞர் சொல்ல மாட்டார். இதையெல்லாம் நான் படித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதியும் காட்டியிருக்கிறேன். ஆனாலும் அம்மா அந்தச் சொல்லைச் சொன்ன காலையில்தான், 'வெட்டு' எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய சொல் என்பதே எனக்கு உறைத்தது. திருத்தி எழுதினேன்:

வீடு வந்த பிறகும்
கசிந்துகொண்டே இருக்கிறது
அட்டை கடித்த இடம்

இதற்கு யாரும் கைதட்டியதில்லை. ஆனால் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இதைக் கேட்டதும் குனிந்து தங்கள் காலைப் பார்க்கிறார்கள். அதைப் பல முறை பார்த்துவிட்டேன். எனக்கு அதுதான் வேண்டும்.

நான் பிறந்தது 1958இல், வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் பேச்சில் கித்தாத் தோட்டத்தில். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை ஒரு காலத்தில் கடலோடிகளுக்கு அடையாளம். அதைப் பார்த்துக் கரை சேர்ந்தவர்களின் கோயில் அடித்தளங்கள் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் இருக்கின்றன. ராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாதான் என்று பள்ளியில் படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாரும் ராஜேந்திர சோழனைப் பற்றிப் பேசியதில்லை. எங்கள் உலகம் வேறு வரிசையில் இருந்தது. முதலில் லயம், அப்புறம் நிரை, அப்புறம் லாலாங் புல், அப்புறம் முனியாண்டி சாமி, அதற்கப்பால் காடு. சாமிதான் எல்லை.

அந்த எல்லைக்கு அப்பால் எங்கள் ஆட்களுக்கு நல்ல ஞாபகம் எதுவும் இல்லை. நிரை நட்ட இடமே ஒரு காலத்தில் காடுதான்; அதை வெட்டிச் சாய்த்தவர்களில் எங்கள் முன்னோரும் உண்டு. காய்ச்சலில் போனவர்கள், மரம் சாய்ந்து போனவர்கள், புலி அடித்துப் போனவர்கள் என்று பாட்டி விரல் விட்டு எண்ணுவார். பிறகு 1948இல் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே ஊரடங்கு, சோதனை. காட்டில் இருப்பவர்கள் கைக்கு உணவு போய்விடக் கூடாது என்று, வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை இருந்தது. பசியோடு வெட்டி முடித்துப் பால் தூக்கிய கதையை அம்மா சொல்லியிருக்கிறார். 1955 டிசம்பரில் பாலிங்கில் முதலமைச்சர் துங்குவும் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கும் பேசியது எங்களுக்கு அரை நாள் பயணத் தூரத்தில்தான். பேச்சு முறிந்தது. அவசரகாலம் முடிய 1960 ஆயிற்று. நான் கேட்டு வளர்ந்த தோட்டப் பாட்டுகளில் கங்காணி வருவார், கள்ளுக்கடை வரும், கப்பல் வரும். காடு வந்தால் பயமாக மட்டுமே வரும். காட்டைப் பற்றி எழுத நான் உட்கார்ந்தபோது, எனக்கு முன்னே கையில் கிடைத்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

ஹைக்கூவை நான் முதலில் பார்த்தது 1985 வாக்கில். அப்போது தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. சுங்கைப் பட்டாணிக் கடையில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் சில வாரம் தாமதமாக வரும். பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் தனித் தொகுப்புகள் வர 1984 ஆனது. அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்க'ளும் அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'யும் அந்த வருடம் வந்தவை. யாரோ கொடுத்து, யாரோ படியெடுத்து, அவை எங்களுக்கும் வந்து சேர்ந்தன. மூன்றே வரி. பள்ளி மணி அடிப்பதற்குள் படித்துவிடலாம். வீட்டு வேலை, திருத்த வேண்டிய நோட்டுகள், கைக்குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவே எழுதவும் செய்யலாம் என்று அப்போது நினைத்தேன். எழுதுவது அவ்வளவு சுலபமில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டி கேட்டார், என்ன எழுதுகிறாய் என்று. "கவிதை பாட்டி. ஜப்பான்காரங்க முறையில."

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அவனுங்களுக்குப் பாட்டு வேற வருமா?"

அவ்வளவுதான் சொன்னார். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையை உடைத்துக்கொண்டு கெடாவுக்குள் வந்தவர்கள், 1943இல் எங்கள் தாத்தாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், கூலி உண்டு, அரிசி உண்டு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்களாம். 415 கிலோமீட்டர் பாதை அந்த வருடம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. தாத்தா வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை.

ஹைக்கூக் கவிஞர் பாஷோ வாழ்ந்தது பதினேழாம் நூற்றாண்டில், 1694இலேயே இறந்துவிட்டார், லாரிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று பாட்டியிடம் வாதாடியிருக்கலாம். செய்யவில்லை. அன்றிலிருந்து அவர் கண்ணில் படாத இடத்தில் நோட்டை வைத்தேன்.

எழுத ஆரம்பித்தால் முதல் முட்டுக்கட்டை பருவச் சொல். ஜப்பானிய மரபில் ஹைக்கூவுக்குள் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று வகுத்துக் காட்டும் அகராதிகளே அவர்களிடம் உண்டு. செர்ரி மலர் என்றால் இளவேனில், முதல் பனி என்றால் குளிர்காலம். நான் எங்கே போவேன் பனிக்கு? என் முதல் நோட்டில் பனித்துளி இருக்கிறது, இலையுதிர் காலத்து நிலா இருக்கிறது, மார்கழிக் குளிர்கூட இருக்கிறது. எல்லாம் படித்த பனி, படித்த குளிர். கெடா பூமத்திய ரேகையிலிருந்து ஐந்தாறு பாகை வடக்கே கிடக்கிறது. அந்தப் பக்கங்களை இன்று புரட்டினால் வருத்தமாக இருக்கிறது. சன்னலுக்கு வெளியே அவ்வளவு இருந்தும் எதையும் நான் பார்க்கவில்லை.

தமிழாசிரியையான எனக்கு வழி தொல்காப்பியத்தில்தான் கிடைத்தது. அங்கே பெரும்பொழுது ஆறு, சிறுபொழுதும் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று போகும் பெரும்பொழுது எங்கள் ஊருக்குப் பாதிதான் பொருந்தும். ஆனால் சிறுபொழுது அச்சாகப் பொருந்துகிறது. மழைக்காட்டில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, விடியலுக்கும் நண்பகலுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வைகறையில் உங்கா என்னும் வாலில்லாக் குரங்குகள் மர உச்சியிலிருந்து கூவி எழுப்புகின்றன. நண்பகலில் ஒரு பறவை இருக்காது. காடு மூடிவைத்த பானை மாதிரி இருக்கும். மாலையில் சில்வண்டு. பகலின் நீளம் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், இந்தச் சத்தங்களை வைத்தே நேரம் சொல்லலாம். லயத்தில் சொல்லவும் செய்தார்கள். இருட்டுகிற நேரத்தில் ரம்பம் இழுப்பது போலக் கத்தும் பெரிய வண்டு ஒன்று உண்டு. அதை ஆறு மணிப் பூச்சி என்போம். அது கத்தினால் பிள்ளைகள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளிவைத்தார்கள். பூச்சி பழைய பொழுதிலேயே கத்திக்கொண்டிருந்தது. "ஆறு மணிப் பூச்சி இப்ப ஆறரை மணிக்குக் கத்துது" என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்கள். ஹைக்கூவுக்கு வேண்டிய பொழுதுச் சொல் என் காதுக்குள் ஐந்து வயதிலிருந்தே இருந்திருக்கிறது.

சில்வண்டு நின்றது
கையில் பிடித்திருந்த தேநீர்
ஆறிவிட்டது

பெரும்பொழுதையும் நான் விட்டுவிடவில்லை. பள்ளி நோட்டு ஒன்றில் மாதவாரியாகக் கோடு போட்டு, பார்த்ததை மட்டும் எழுதிவந்தேன். ஜனவரியில் வறண்ட காற்று வந்துவிடும். பிப்ரவரியில் பால்மரம் சிவந்து இலை கொட்டும். நிரைக்குள் நடந்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம், மங்கில் பால் பாதிதான். பிறகு செம்பு நிறத் தளிர், அதற்குப் பின்னால் மஞ்சள் பொடிப்பூ, பூவுக்குத் தேனீ. ஏப்ரலில் முதல் மழை, விளக்கைச் சுற்றி ஈசல். ஜூனில் கூலிம், பாலிங் பக்கம் இரவில் டுரியான் விழும். விழுந்த சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே தூங்குவார்கள். ஆகஸ்டில் கித்தாக்காய் வெடிக்கும். மூன்று அறை, மூன்று கொட்டை. வெயிலில் காய்ந்து முறுகிப் பட்டென்று பிளந்து, கொட்டையை அடுத்த நிரைக்கே எறிந்துவிடும். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்துப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைக்காமல் யாரும் தோட்டத்தில் வளர்ந்திருக்க முடியாது. செப்டம்பர், அக்டோபரில் மழை கனக்கும், அட்டை பெருகும். இந்த நோட்டு இப்போது நான்காவது. தமிழில் எழுதும் மலேசியப் பிள்ளைகள் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் கொடுக்கிறேன். செர்ரி மலரைக் கடன் வாங்கி எழுதாதீர்கள், கித்தாக்காய் வெடிப்பதைக் கேளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பக்கத்துப் பள்ளியில் இருந்த மலாய் ஆசிரியை ஒருவர் எனக்கு இன்னொரு சன்னலைத் திறந்துவிட்டார். பந்துன் என்னும் மலாய்க் கவிதை நான்கு வரி. முதல் இரண்டு வரியை பெம்பாயாங் என்கிறார்கள். நிழல் காட்டுவது என்று சொல்லலாம். ஆறு, மீன், மரம், பறவை என்று ஏதாவது ஒரு காட்சி. அடுத்த இரண்டு வரி மக்சுட், சொல்ல வந்த பொருள். காட்சிக்கும் பொருளுக்கும் ஓசையில் உறவு இருக்கும். அர்த்தத்தில் உறவு இருக்கிறதா என்பது கேட்பவர் பாடு. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் அதைச் சேர்த்தபோது அவர் மகிழ்ச்சியோடு செய்தி அனுப்பியிருந்தார். "நீங்கள் மக்சுட் இல்லாமல் பெம்பாயாங்கோடு நின்றுவிடுகிறீர்கள்" என்று ஒருமுறை என் ஹைக்கூவைப் பற்றிச் சொன்னார். அவர் குறையாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் பெருங்காட்டுக்குள் நான் போனது ஓய்வுபெறும் வயதில்தான். அதுவரை அருவி, மலையடிவாரம், கூலிம் சுங்கை செடிம் ஆற்றோரம் என்று காட்டின் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். சிக் வட்டாரத்தில் குபிர் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து மூடா அணையின் ஏரியைக் கடந்து மேலே போனால் உலு மூடா. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஹெக்டேருக்குக் காடு. கெடாவின் வயல்களுக்கும் பினாங்கின் குழாய்களுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் சாம்பல் நிறத்தில் தண்ணீருக்கு மேல் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே படகு நுழைந்தபோது எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் பேசவில்லை.

படகோட்டியை பாக் லாங் என்று கூப்பிட்டோம். ஆசிரியை என்று தெரிந்ததும் அவர் என்னை 'சிக்கு' என்றே கூப்பிட்டார். முதல் நாள் நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தேன். "தேடாதீங்க சிக்கு, கழுத்து வலிக்கும். உட்காருங்க, அதுவா வரும்" என்றார். பால் தானா வரும் என்ற அம்மாவின் குரல் மலாயில் கேட்டது போலிருந்தது. அன்று பிற்பகல் உட்கார்ந்த இடத்திலேயே இருவாச்சியைக் கேட்டேன். மலேசியாவில் பத்து வகை இருவாச்சி. அவற்றில் ஒன்றின் கூவல், கோடரியால் மரம் வெட்டுவது போல இடைவெளி விட்டு ஆரம்பித்து, வேகம் கூடி, கடைசியில் கொல்லென்று சிரிப்பாக முடிகிறது. மலாயில் அதற்குத் தெபாங் மெந்துவா என்று பெயர். மாமியார் வீட்டுக் காலை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகன்தான் அந்தப் பறவை ஆனான் என்று பாக் லாங் கதை சொன்னார். அதைப் பற்றி நான் எழுதவில்லை. பறவையும் கதையும் சேர்ந்து முழுதாக இருந்தது. நான் வைக்க அங்கே இடமில்லை.

மழையை எழுதினேன். காட்டுக்குள் மழை முதலில் காதுக்குத்தான் வருகிறது. தூரத்தில் இரைச்சல் எழும், நெருங்கும், தலைக்கு மேலேயே கொட்டும். ஆனால் இலைக்கூரையைத் தாண்டித் துளி கீழே இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

கேட்கிறது மழை
இன்னும் நனையவில்லை
நிற்கும் இடம்

மறுநாள் காலை உப்புமண் கரைக்குப் போனோம். சிரா என்கிறார்கள், விலங்குகள் உப்புக்காக வந்து மண்ணை நக்கும் இடம். யானையைப் பார்க்கவில்லை. கிண்ணம் கிண்ணமாகத் தடம் மட்டும் கிடந்தது. ஒன்றில் தண்ணீர் தேங்கி, தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. 'யானை மிதித்த பள்ளம், நேற்றைய மழையில் நீந்தும் தலைப்பிரட்டை' என்று எழுதி, பாக் லாங்குக்கு மலாயில் சொன்னேன். அவர் குனிந்து தடத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். "இது நேத்தைய தடம் இல்ல. மேல ஒரு வாரம் இருக்கும். தவளை முட்டை ஒரே ராத்திரியில பொரியாதே" என்றார். அங்கேயே அடித்துத் திருத்தினேன்:

யானை மிதித்த பள்ளம்
போன வார மழையில்
நீந்தும் தலைப்பிரட்டை

ஒரு சொல்தான் மாறியது. ஆனால் யானை போய் ஒரு வாரம் ஆகிவிட்டது என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. உண்மையை விட்டு ஓர் அங்குலம் விலகினாலும் மூன்று வரி தாங்காது. நாவலில் ஒரு பிழை மறைந்துகொள்ள இடம் இருக்கும், இங்கே இல்லை.

தமிழில் இதை எழுதுவதில் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நம் மொழியில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிறது. 'வாய் மூடாமல் மேலே பார்க்கும்' என்று வரியை நிறுத்தினால், யார் என்று கேட்டுக்கொண்டே வாசகர் அடுத்த வரிக்கு இறங்குகிறார். ஜப்பானிய மொழியும் அப்படியே என்று படித்திருக்கிறேன். கட்டிக்கொடுத்தது போன்ற வசதி. ஆனால் அதைப் பழக்கமாக்கிவிட்டால் மூன்றாம் வரி விடுகதையின் விடையாகிவிடும். மேடையில் அது நன்றாக எடுபடும். கைதட்டல் கேட்டதும் அடுத்ததையும் அப்படியே எழுதத் தோன்றும். என் முதல் இரண்டு நோட்டில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கின்றன. தமிழ் ஹைக்கூவில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது என்றே நினைக்கிறேன். விடை தெரிந்த விடுகதையை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. இப்போதெல்லாம் கடைசி வரியை எழுதியதும் ஒரு சோதனை வைக்கிறேன். மூன்று வரியையும் தலைகீழாக வாசிப்பேன். அப்போதும் காட்சி நின்றால் வைத்துக்கொள்வேன்.

இறக்கைச் சத்தம்
வாய் மூடாமல் மேலே பார்க்கும்
பேத்தி

இது தேறியது. செடிம் ஆற்றுப் பக்கம், மர உச்சிகளுக்கு நடுவே கட்டிய நடைபாலத்தில், பேத்திக்கு அப்போது ஆறு வயது.

எழுதுகருவி பற்றியும் ஒரு வார்த்தை. காட்டுக்குள் பேனா உதவாது. ஈரத் தாளில் மை பரவிவிடும். பென்சில்தான். நோட்டை பிளாஸ்டிக் பையில் போட்டு அதற்குள் கொஞ்சம் அரிசி. அங்கே எழுதுவது சொற்கள் மட்டும்: 'ஈரம், சாய்ந்த மரம், எறும்பு வரிசை திரும்புகிறது.' கவிதை வீட்டில் வரும், ஒரு வாரம் கழித்தும் வரும், மூன்று வருடம் கழித்தும் வந்திருக்கிறது.

நான் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் எடுத்துவிட்டு வீடுகள் வந்தன. மூடுவதற்கு முந்தைய பிப்ரவரியில் அம்மாவோடு போயிருந்தேன். பெரட்டுக் களத்தில் ஆளில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு வரிசையாக நின்று பெயர் கொடுத்த இடத்தைக் காட்டிக்கொண்டே அம்மா நடந்தார்.

பெரட்டுக் களம்
பெயர் கூப்பிட யாருமில்லை
உதிரும் இலைகள்

அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் யோசித்து, "இதுல காயம் இல்ல" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பாட்டியிடம் நான் வாசித்ததும் ஒன்றே ஒன்றுதான். 1988 ஆகஸ்ட். பாட்டி படுத்த படுக்கையாவதற்குச் சில மாதம் முன்பு. சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நிரைப் பக்கம் காய் வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பாட்டி தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். அது காய்தான் என்று அவருக்குத் தெரியும். அறுபது வருடமாகக் கேட்கிற சத்தம். இருந்தும் பார்த்தார். அன்று இரவு எழுதினேன், அடுத்த நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வகை என்று சொல்லாமல் வாசித்தேன்:

கித்தாக்காய் வெடிக்கிறது
வாசலைப் பார்க்கிறாள் பாட்டி
வெயில் மட்டும்

"வெயில் மட்டுமா?" என்றார் பாட்டி. "நாயி ஒண்ணு படுத்திருந்துச்சே. அதுவும்தான் பாத்துச்சு."

இருந்தது. பழுப்பு நாய், படிக்கட்டுக்குக் கீழே. நான் அதை எடுத்துவிட்டிருந்தேன். வெயில் மட்டும் என்றால் சோகம் கூடும் என்று. இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். 'பார்க்கிறாள்' என்றால் நாய் வெளியே நிற்கிறது, 'பார்க்கிறார்கள்' என்றாலும் ஒட்டவில்லை. கடைசியில் 'திரும்பும்' என்ற சொல் வந்தது. அது பாட்டிக்கும் பொருந்தியது, நாய்க்கும் பொருந்தியது.

கித்தாக்காய் வெடிக்கிறது
வாசல் பக்கம் திரும்பும்
பாட்டியும் நாயும்

வாசித்தேன். "ம்" என்றார். பிறகு வெற்றிலைப் பெட்டி எங்கே என்று கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.